கடைசி அத்தியாயம் படிக்காதவள்

பதிப்பகத்தில் அவளைப் ‘பின்னட்டை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகத்தின் முன்னட்டையில் எழுதியவர் பெயர் இருக்கும். படம் வரைந்தவருக்கு உள்ளே ஒரு வரி உண்டு. அச்சிட்டவருக்குக்கூட முகவரியோடு இடம் உண்டு. ஆனால் கடையில் நிற்கிறவர் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற அந்தப் பின்பக்கத்துப் பத்து வரியை எழுதியது யார் என்று மட்டும் எங்கேயும் போட்டிருக்காது. அக்கா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பேர் போட்டால் புத்தகம் பிடிக்காதவர்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள் என்பாள்.

அவள் மேஜை கிடங்குக் கதவுக்குப் பக்கத்தில், வேறு யாரும் உட்கார விரும்பாத மூலையில் இருந்தது. அச்சுக்குப் போக வேண்டிய கதைகள் கட்டுக்கட்டாக அங்கே வந்து விழும். அறுநூறு பக்கத்தைப் பத்து வரி ஆக்குவதென்றால் வெட்டிக் குறைப்பது என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. வெட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், வெட்ட வெட்டக் கதை நொண்டியாகுமே தவிர சுருங்காது. அக்கா வெட்டுவதே இல்லை. கட்டைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, எதிரே யார் அகப்படுகிறார்களோ அவர்களிடம் கதையை வாயால் சொல்லிப் பார்ப்பாள். டீ கொண்டுவருகிறவர், பார்சல் கட்டுகிறவர், யாராக இருந்தாலும் சரி. “யாருக்கு என்ன வேணும், யாரு குறுக்க நிக்கிறா, கிடைக்கலன்னா என்ன போகும். இந்த மூணும் வாய்ல வந்துட்டா மிச்சம் தானா வந்துடும்” என்பது அவள் கணக்கு.

எழுத்தாளர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. பெற்ற பிள்ளையை எடை போட்டது போலக் கோபித்துக்கொள்வார்கள். கதாநாயகனின் பெரியப்பாவையும் பின்னட்டையில் சேர்க்கச் சொன்னவர் உண்டு. இது வெறும் நாவல் அல்ல என்று முதல் வரியிலேயே போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரிடம், அப்படியானால் வேறு என்ன என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அதையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்றாள் அக்கா. அவர் ஒரு வாரம் யோசித்துவிட்டு, நாவல் என்றே இருக்கட்டும் என்று போன் செய்தார்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தப் புத்தகமாக இருந்தாலும் கடைசி அத்தியாயத்தைப் படிக்க மாட்டாள். அச்சாகிக் கடைக்குப் போன பிறகுதான் ஒரு பிரதியை எடுத்து முடிவைப் படிப்பாள். இதற்குக் காரணம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் செய்த ஒரு காரியம். ஒரு துப்பறியும் கதை வந்தது. அக்காவுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், ‘கொலை செய்தது குடும்ப டாக்டர்தான் என்பதைக் கடைசிப் பக்கம்வரை யாராலும் ஊகிக்கவே முடியாது’ என்று பின்னட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டாள். மெய்ப்புப் பார்த்தவரும் எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அச்சாகி வந்த அத்தனை புத்தகத்துக்கும் அட்டையை உரித்து வேறு அட்டை ஒட்டினார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கிடங்குவரை கேட்டது என்று இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றோடு அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். தெரியாத ரகசியத்தை எப்படி உளற முடியும்? ஆகவே முடிவு தெரிந்துகொள்ளவே வேண்டாம்.

வீட்டில் மூன்று பேர். அக்காவின் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண் தெரிய வைக்கிறவர், வீட்டில் மட்டும் எதையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். மூன்றாவது ஆள் அவருடைய தங்கை. கல்யாணம் ஒத்துவராமல் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. ஊசி போடுவதே தெரியாது என்று வருகிறவர்களெல்லாம் அவளைப் புகழ்வார்கள். வீட்டில் அவள் போடுகிற ஊசி நன்றாகவே தெரியும் என்று அக்கா மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போடுகிற அளவுக்கு நெருக்கமும் கிடையாது. நாத்தனார் விடியற்காலையில் போய் மத்தியானம் வருவாள். அக்கா அவள் பங்கைத் தனியாக எடுத்து மூடிவைத்துவிட்டு ஆபீஸ் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தாள். நாவல் எழுதியிருக்கிறாளாம். இரண்டு வருடமாக, ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதியதாம். அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, தன்னிடம் இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று சுருக்கென்றது. தன்னிடம் எதைத்தான் சொல்லியிருக்கிறாள் என்றும் தோன்றியது.

பதிப்பகத்தில் புது ஆட்களின் கதையை எடுத்த எடுப்பில் யாரும் படிக்க மாட்டார்கள். கதை முழுவதையும் ஒரு பக்கத்தில் சுருக்கிக் கொடுக்க வேண்டும். தேர்வுக் குழு அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கட்டைப் பிரிப்பதா திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்யும். நாத்தனாரும் சுருக்கம் எழுதித்தான் பார்த்திருக்கிறாள். அது ஓர் அத்தியாயத்தைவிட நீளமாகப் போய்விட்டது. “நீங்க எழுதித் தாங்க அண்ணி. உங்களைத் தவிர எனக்கு வேற யாரும் இல்ல” என்றாள். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து அக்கா கேட்டதே இல்லை. கட்டை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகத் திரும்பிய நாத்தனார் நின்று, “தப்பா எடுத்துக்காதீங்க. இது கதைதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இரண்டாவது அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. கதாநாயகி ஓர் ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணி வைத்திருக்கும் தையல் மெஷின் இருக்கிற அறையில் அவளுக்குக் கட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள். வருடங்கள் ஓடுகின்றன. அந்த அறையை வீட்டில் எல்லோரும் தையல் ரூம் என்றே சொல்கிறார்கள். ‘தையல் ரூம்ல லைட் எரியுது, அணைக்கச் சொல்லுங்க’ என்று கதையில் வரும் அண்ணி தன் புருஷனிடம் சொல்கிறாள்.

அக்கா கட்டை மூடி வைத்தாள். நாத்தனார் படுக்கிற அறையில் தையல் மெஷின் எதுவும் இல்லை. இருந்தவை அக்காவின் புத்தகப் பெட்டிகள். பதிப்பகத்தில் வெளிவருகிற ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அவளுக்குக் கிடைக்கும். எல்லாம் அங்கேதான் சுவரோரமாகக் கூரையைத் தொட நின்றன. வீட்டில் அந்த அறைக்குப் புத்தக ரூம் என்று பெயர். நேற்றுக்கூட, புத்தக ரூமில் மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று கணவரிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னபோது நாத்தனார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மேலே படிக்கப் படிக்க அக்காவுக்கு முகம் சிவந்தது. மூடி போட்டுத் தனியாக எடுத்துவைத்த சாப்பாடு கதையில் வந்தது. ஆறிப்போகக் கூடாதே என்று அவள் செய்த காரியம், கதாநாயகியின் கண்ணுக்கு விடுதியில் தங்கியிருப்பவருக்கு ஒதுக்கிவைத்த பங்கு போலத் தெரிந்திருந்தது. அட பாவி, நான் அதற்காகவா செய்தேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, யாரை என்று கேட்டார். யாரையும் இல்லை, கதையை என்றாள். அவர் மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

கோபமாக இருந்தது என்றாலும் தொழில் தொழில்தான். நன்றாக எழுதப்பட்ட கதை அது. எங்கேயும் புலம்பல் இல்லை. சலவைக் கூடத்தின் ஆவியும், ஈரத்துணியின் கனமும், கையிலேறிய வெடிப்பும் படிக்கிறவருக்கு அப்படியே தெரிந்தன. இதை அடுத்த வீட்டுப் பெண் எழுதியிருந்தால் முதலாளியிடம் ஓடியிருப்போமே என்று அக்காவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வழக்கம்போலக் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதினாள். கையில் ஊறிய பழக்கம், கடைசி வரி தானாக வந்து விழுந்தது: ‘தனக்கென்று ஓர் இடம் தேடும் இந்தப் பெண்ணுக்கு அது கிடைத்ததா?’

மறுநாள் அதை எடிட்டர் அம்மாவிடம் கொடுத்தாள். தேர்வுக் குழுவுக்கு எது போக வேண்டும், எது போகக் கூடாது என்று பார்ப்பது அந்த அம்மாதான். பேச்சில் சர்க்கரை சேர்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“பின்னட்டை எழுதிக் குடுத்திருக்கீங்க. இது கடையில வாங்குறவனுக்குக் காட்டுறது இல்லம்மா, எங்களுக்குக் காட்டுறது. எங்களுக்குப் புதிர் போட்டு என்ன ஆகப் போகுது? கதை எப்படி முடியுது?”

தெரியாது என்று அக்கா சொன்னாள். எடிட்டர் அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார். துப்பறியும் கதை விவகாரம் அவருக்கும் தெரியும் என்பதால் சிரிக்காமல் இருந்துவிட்டார். பிறகு நடுவில் ஓர் இடத்தைப் பென்சிலால் தட்டினார். ‘குடும்பச் சூழ்நிலை அவளுக்கு எதிராக இருக்கிறது’ என்று அங்கே எழுதியிருந்தது.

“இது யாரு, இந்தச் சூழ்நிலை?”

அக்கா பென்சில் நின்ற இடத்தையே பார்த்தாள். மூணு விஷயம் இருந்தால் போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த மூன்றில் ஒன்றை ஒளித்துவைத்துவிட்டாள். குறுக்கே நிற்பது யார் என்று எழுதாமல் விட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ மாமியாரையும் மாமனாரையும் மேலதிகாரியையும் கல்நெஞ்சர்கள் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாள். அப்போதெல்லாம் பேனா ஒரு நிமிஷம்கூடத் தயங்கியதில்லை. “அண்ணி” என்றாள் கடைசியில். அப்படியானால் அண்ணி என்று எழுதுங்கள், முடிவையும் எழுதுங்கள், வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது என்று சொல்லி எடிட்டர் அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கிடங்குக்குள் போய், அடுக்கிவைத்த புத்தகக் கட்டின் மேலேயே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். அச்சாவதற்கு முன்னால் ஒரு கதையின் முடிவைப் படிப்பது அந்த டாக்டர் கதைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

கதாநாயகி சலவைக் கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துவிடுகிறாள். கூட வேலை செய்கிறவளின் வீட்டில் காலியாக இருந்த மாடி. அதைப் பற்றி அண்ணியிடம் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள். காற்று வருமா என்று அண்ணி கேட்கிறாள். வருமாம். அப்படியென்றால் நல்லதுதான் என்று அண்ணி சொல்லிவிடுகிறாள். கிளம்புகிற அன்று கதாநாயகி வாசலில் செருப்பின் வாரை மாட்டுகிறாள், கழற்றுகிறாள், மறுபடி மாட்டுகிறாள். அண்ணி ஒரு வார்த்தை, இரு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள் என்று நிற்கிறாள். அண்ணி வாசல்வரை வருகிறாள். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாயா என்று கேட்கிறாள். அவள் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் நாவல்.

அக்கா கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தாள். ஏனென்றால் அந்த மாடி கதையில் மட்டும் இருந்த மாடி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் நாத்தனார் சமையலறை வாசலில் நின்று, பரிசோதனைக் கூடத்தில் தன்னோடு வேலை செய்கிறவளின் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாகிறது என்று சொன்னாள். அக்கா அடுப்பைப் பார்த்தபடியே, காத்தோட்டமா இருக்குமா என்று கேட்டாள். யாரோ மூன்றாம் மனிதருக்கு வீடு பார்ப்பது போலக் கேட்டாள். நாத்தனார் இருக்கும் என்றாள். நல்லதுதான் என்றாள் அக்கா. அன்று நாத்தனார் தகவல் சொல்லவில்லை, கேள்வி கேட்டிருக்கிறாள் என்பது கிடங்கில், புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. கதையின் முடிவு இன்னும் நடக்கவில்லை. ஆனால் பாதி நடந்துவிட்டது, அந்தப் பாதியில் தான் பேச வேண்டிய வசனத்தைத் தானே சரியாகப் பேசியும்விட்டாள். அவளுக்கு நாத்தனாரைப் பிடிக்கும். அதை அவள் தனக்குத்தானேகூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

இரண்டாவது சுருக்கத்தை எழுத அவளுக்கு மூன்று நாள் பிடித்தது. அண்ணியைப் பற்றி எழுதும் இடத்தில்தான் வண்டி நின்றது. ‘அண்ணிக்கும் ஆயிரம் கவலைகள்’ என்று முதலில் எழுதினாள். நாவலில் அப்படி ஒரு கவலையும் சொல்லப்படவில்லை. அது நாவலைப் பற்றிய வரி இல்லை, தனக்காகத் தானே வாதாடுகிற வரி என்று புரிந்து அடித்தாள். அடுத்த நாள் வேகத்தில் ‘ஈவிரக்கமற்ற அண்ணி’ என்று எழுதினாள். அதுவும் நாவலில் இல்லை. கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்தபோது அண்ணி வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஓர் அத்தியாயம் இருந்தது. நாத்தனார் அதையும் மறக்காமல் எழுதியிருந்தாள். தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் ஒரு வகையில் தன்னைப் பற்றியே பேசுவதுதான் என்று அதையும் அடித்தாள். கதையில் இருப்பது மட்டும் இருந்தால் போதும். கடைசியில் டீ கொண்டுவருகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாயால் சொல்லிப் பார்த்தாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, அந்த அண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள்.

நாத்தனார் ஒப்புக்கொள்ளாமல் அதைக் குழுவுக்குக் கொடுப்பதற்கு அவளுக்கு மனசு இல்லை. வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். நாத்தனார் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணியை அந்த நேரத்தில் பார்த்ததும் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அக்கா தாளை நீட்டினாள். நாத்தனார் நின்றபடியே படித்தாள்.

‘ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். தையல் மெஷின் இருக்கும் அறையில் அவளுக்கு இடம் கொடுக்கிறார்கள். அதை அவளுடைய அறை என்று வீட்டில் யாராவது சொல்ல வேண்டும். அவள் ஆசைப்படுவது அவ்வளவுதான். அண்ணி கெட்டவள் இல்லை. சோறு போடுகிறாள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருகிறாள். ஆனால் மெஷினை நகர்த்துவதில்லை. நகர்த்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுவதே இல்லை. கேட்டு வாங்கினால் அது தன் அறை ஆகாது என்று இவள் கேட்பதும் இல்லை. வருடங்கள் போகின்றன. கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொண்டு கிளம்புகிறாள். இரு என்று அண்ணி ஒரு வார்த்தை சொல்வாள் என்று வாசலில் நிற்கிறாள். அண்ணி சாவியைக் கேட்கிறாள். இவள் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள்.’

நாத்தனார் ஒருமுறை படித்தாள். மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்துப் படித்தாள். இவ்வளவு நாள் எழுதியும் தன் கதை இதுதான் என்று தனக்கே இப்படித் தெளிவாகத் தெரிந்ததில்லை என்றாள். அண்ணியைப் பற்றிய வரிகளை அவள் குறிப்பிடவில்லை. அக்காவும் கேட்கவில்லை. தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே நாத்தனார் பேசினாள்.

“முடிவு ரொம்பக் கடுமையா இருக்கோ? வேணும்னா மாத்திடறேன் அண்ணி. கூப்பிட்டு நிறுத்துற மாதிரி வச்சிடலாம்.”

எத்தனையோ எழுத்தாளர்கள் இதே கேள்வியை அவளிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லக் கஷ்டப்பட்டதே இல்லை. இப்போது மாற்று என்று சொன்னால் நல்ல நாவல் ஒன்று வீணாகும். மாற்றாதே என்றால் எதிரே நிற்பவளின் காதில் அது வேறு மாதிரி விழும். இரண்டும் அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது.

“மாத்தாத. அந்தக் கதைக்கு அதுதான் முடிவு” என்றாள்.

நாத்தனாரின் முகம் விழுந்துவிட்டது. சரி என்று தலையாட்டித் தாளை மடிக்க ஆரம்பித்தாள். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய கதைக்கு வார்த்தை தேடிக் கொடுத்த அக்காவுக்குத் தன் வாயில் ஒரு சொல் எழும்பவில்லை. நாத்தனார் மடித்த தாளை அவளிடம் நீட்டினாள். அக்கா தாளை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கதையில அவ போகட்டும். நீ போகாத.”

எப்போதும் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற நாத்தனாருக்கு அன்று நகர முடியவில்லை.

“இத முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நான் நாவலே எழுதியிருக்க மாட்டேனே அண்ணி” என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அக்காவும் அழுதாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்று கூச்சமில்லாமல் அழுதார்கள். நாவலைக் குழு எடுத்துக்கொண்டது, முடிவு ஒரு எழுத்தும் மாறாமல் அச்சாயிற்று. அந்த மாடிப் போர்ஷனுக்கு அடுத்த மாதம் வேறு யாரோ குடிவந்தார்கள்.